ஓ.பி. முடிந்து மிஞ்சும் நேரத்தில் ஆராய்ச்சி நடக்காது

வாசகர் கேள்வி:

தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 34. எம்.டி. முடித்து நான்கு வருடம் ஆகிறது. மழைக்காலம் வந்தால் எங்கள் வார்டு ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்) நோயாளிகளால் நிரம்பிவிடும். மூன்று வருடத்துக் கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஒரு கட்டுரை எழுதினேன். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. இப்போது வேறோர் இதழ், 15,000 ரூபாய் கட்டினால் பத்து நாளில் வெளியிடுவதாக மெயில் அனுப்பியிருக்கிறது. துறைத்தலைவர் எம்.டி.க்கு மேலான சிறப்புப் படிப்பான டி.எம்.முக்கு எழுதச் சொல்கிறார். கணவரும் டாக்டர், மாலையில் கிளினிக் போட்டால் வீட்டுக் கடன் சீக்கிரம் அடையும் என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. மகளுக்கு ஐந்து வயது. எனக்கோ ஆராய்ச்சிதான் செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. பிஎச்.டி. சேரட்டுமா? வெளிநாடு போய் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிக்கட்டுமா? இந்த வயதில் தொடங்குவது தாமதமா?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

அந்த 15,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு கட்டுரையை நிபுணர்களிடம் கொடுத்து, அவர்கள் கருத்தைக் கேட்டு, உங்களைத் திருத்தச் சொல்லி, மறுபடி பார்த்து வெளியிடுவது பத்து நாளில் ஆகிற வேலை இல்லை. பத்து நாளில் போடுகிறேன் என்கிறவர்கள் படிக்காமலே போடுகிறார்கள். நல்ல இதழ்கள் சிலவும் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன, அதனால் பணம் கேட்பதை மட்டும் வைத்து எதையும் மோசடி என்று சொல்ல மாட்டேன். படிக்காமல் ஏற்றுக்கொள்வதுதான் மோசடி. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் அந்த வழியில் போன சிலரை எனக்குத் தெரியும். பத்து வருடம் கழித்து நிதி கேட்டு ஒரு தேர்வுக் குழுவின் முன் உட்கார்ந்தபோது, அந்தக் கட்டுரைகளே அவர்களுக்கு எதிராக நின்றன.

மூன்று இதழ்களின் விமர்சனக் குறிப்புகளையும் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். ஆங்கிலம் சரியில்லை என்று நினைத்து மொழி திருத்துபவரைத் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு ஆங்கிலத்தில் இல்லை, அம்மா. மூன்று பேரும் வேறு வேறு வார்த்தையில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது? இந்த நோய்க்கான மருந்து டாக்ஸிசைக்ளின், அதன் முதல் டோஸ் எப்போது போனது? எஸ்கார் என்கிற கருகிய புண்ணை அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ் என்று தேடிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்களா, தேடாமலே எழுதினார்களா? இதற்கெல்லாம் உங்கள் கேஸ் ஷீட்டில் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. ராத்திரி டியூட்டியில் ஹவுஸ் சர்ஜன் எழுதுகிற கேஸ் ஷீட் அந்த நோயாளியை விடியும்வரை காப்பாற்ற எழுதப்படுவது. அவருக்கு உங்கள் கேள்வி தெரியாது.

நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன். உங்கள் வயதில், பாம்புக்கடி நோயாளிகளின் 412 கேஸ் ஷீட்டுகளை ஆவண அறையில் உட்கார்ந்து எட்டு மாதம் பிரதி எடுத்தேன். கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஒரு புள்ளியியலாளரிடம் போனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடித்த நேரம் 170 பேருக்கு இல்லையே, இதை வைத்து எந்தக் கேள்விக்குப் பதில் தேடினீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கேள்வியே இல்லாமல் தகவல் சேர்த்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. ஆய்வு முடிந்தபிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, ஆய்வு எதனால் செத்தது என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடியும் என்று புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் பேசியது 1938-ல், நம் நாட்டில் நடந்த முதல் புள்ளியியல் மாநாட்டில். அத்தனை வருடம் கழித்தும் நம் கல்லூரிகளில் முக்கால்வாசிப் பேர் பிரேதப் பரிசோதனைக்குத்தான் கூப்பிடுகிறோம்.

உங்கள் மூன்று வருட உழைப்பை அதற்காகக் குப்பையில் போட வேண்டாம். ஒரு சீசனில் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு மூச்சுத்திணறலோ சிறுநீரகப் பாதிப்போ வருகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அடுத்த ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று முடிவு செய்ய அந்த எண்கள்தான் வேண்டும். அந்தக் கட்டுரையைப் பிரசுரத்துக்கு வைத்திருப்பதைவிடத் திட்டமிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பிஎச்.டி.யா, எம்.பி.எச்.சா, டி.எம்.மா என்று மூன்று பட்டங்களைக் கேட்டிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஆராய்ச்சியாளராக வேண்டும் என்கிற ஆசை இருக்கிறது, அது உண்மையான ஆசை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வியைத் தேடினால், கைடுக்கு எது வசதியோ அதுதான் உங்கள் தலைப்பாகும். கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எந்தப் படிப்பு வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.

கேள்வி உங்கள் வார்டிலேயே கிடக்கிறது. ஸ்க்ரப் டைஃபஸுக்கே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் நல்லதா, அசித்ரோமைசின் நல்லதா என்று ரவுண்ட்ஸில் நாம் எல்லோரும் வாதாடியிருக்கிறோம். இரண்டும் பழைய, மலிவான மருந்து. அதைச் சோதித்துப் பார்க்க எந்த மருந்து கம்பெனியும் பணம் போடாது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து, தீவிர நிலையில் வந்த சுமார் 800 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டாக்ஸி மட்டும், ஒன்றுக்கு அசித்ரோ மட்டும், ஒன்றுக்கு இரண்டும் சேர்த்து, நரம்பு வழியாக ஏழு நாள். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்களை எண்ணியபோது, இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதம், தனித்தனியாகப் பெற்றவர்களில் 47, 48 சதவீதம். 2023-ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் என்கிற மருத்துவ இதழில் வந்தது. இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலகம் முழுக்க மருத்துவர்கள் படித்த அந்த ஆய்வின் தொடக்கம், உங்கள் வார்டிலும் என் வார்டிலும் தினமும் நடந்த அதே வாதம்தான்.

அந்த ஆய்வு தீர்க்காமல் விட்ட விஷயங்கள் உங்கள் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. உங்களிடம் மூச்சுத்திணறலோடு வருகிற பெண்மணி அதற்கு முன் எத்தனை இடம் போய் வந்தார்? காய்ச்சல் கண்ட எத்தனையாவது நாளில் முதல் டாக்ஸி மாத்திரை அவர் வாயில் போனது? தாமதம் வீட்டிலா, மெடிக்கல் ஷாப்பிலா, தனியார் கிளினிக்கிலா, ஆரம்ப சுகாதார நிலையத்திலா? இதைக் கண்டுபிடிக்க மாலிக்யூலர் லேப் வேண்டாம். ஒரு படிவம், கேட்கத் தெரிந்த ஒருவர், இரண்டு மழைக்காலம் போதும். சுகாதாரத் துறை அதைப் படித்தால் ஆ.சு. நிலையத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். இது என் யோசனை மட்டும்தான். உங்களுக்கு வேறு கேள்வி தூக்கத்தைக் கெடுத்தால் அதையே எடுங்கள். ஒன்றே ஒன்றை எடுங்கள். பத்து வருடம் அதைவிட்டு நகராதீர்கள்.

சின்ன விஷயமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ன செய்தது என்று பாருங்கள். காசநோய் கண்டறியப்பட்டவரை எடை, உயரம் பார், காலில் வீக்கம் இருக்கிறதா பார், மூச்சை எண்ணு, ஆக்சிஜன் அளவு பார், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா பார். ஆபத்தில் இருப்பவரை உடனே அட்மிட் செய். சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து, களத்தில் இருக்கிற ஊழியரே செய்யக்கூடிய அளவுக்கு இதைச் சுருக்கின. எடைபார்க்கும் மெஷினும் ஆக்சிமீட்டரும்தான் கருவி. அதை மாநிலம் முழுக்க நடத்தி, பதிவு செய்து, எங்கே விட்டுப்போகிறது என்று அளந்தார்கள். இதுவும் முதல்தர ஆராய்ச்சிதான்.

அடுத்து நேரம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி இதுதான், எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பதும் இதைப் பற்றித்தான்.

ஓ.பி. முடித்து, வார்டு முடித்து, மாணவர்களுக்கு வகுப்பெடுத்து, வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூங்கவைத்து, ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்து ஆராய்ச்சி செய்யலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஆறு மாதம் செய்யலாம். அதற்குப் பிறகு உடம்பு விடாது, அல்லது வீட்டில் மனஸ்தாபம் வரும். எத்தனையோ கெட்டிக்கார டாக்டர்கள் ஆராய்ச்சியை விட்டது புத்தி போதாமல் இல்லை. மிஞ்சுகிற நேரத்தில் செய்யலாம் என்று நம்பினார்கள், நேரம் மிஞ்சவில்லை. நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும்.

பெரிதாகக் கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு மதியம், இரண்டு மணி முதல் ஐந்து வரை. அட்மிஷன் நாள் இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள். யூனிட்டில் இருக்கிற இன்னொரு உதவிப் பேராசிரியரிடம் பேசி, அந்த மூன்று மணி நேரம் அவர் உங்கள் வார்டைப் பார்த்துக்கொள்ளட்டும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை அவருக்குப் பதிலாக நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டைத் துறைத்தலைவரிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார். எழுத்தில், ஆறு மாதத்துக்கு என்று காலவரம்பு போட்டு, எந்த நோயாளிக்கும் குறை வராத ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தால் மறுப்பது அவருக்குக் கஷ்டம். அந்த மூன்று மணி நேரம் லைப்ரரியில் உட்காருங்கள், டியூட்டி ரூமில் உட்காராதீர்கள். டியூட்டி ரூமில் இருந்தால் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு ஈ.சி.ஜி. உங்கள் மேஜைக்கு வரும்.

கிளினிக் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் சண்டை போட மாட்டேன். வேலை நேரத்துக்கு வெளியே தனியாகப் பிராக்டிஸ் செய்ய நம் மாநில அரசு டாக்டர்களுக்கு அனுமதி இருக்கிறது, கடன் நிஜம், குழந்தையின் படிப்பு நிஜம். ஆராய்ச்சி செய்கிறவர் பணத்தைப் பற்றி நினைக்கக் கூடாது என்பது வசதியானவர்கள் சொல்கிற பேச்சு. வாரத்தில் மூன்று மாலை கிளினிக், மற்ற நாள் இல்லை என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஆறு மாலையும் கிளினிக் என்று தொடங்கிவிட்டால் பிறகு குறைக்க முடியாது. வருமானம் ஓர் அளவுக்கு வந்தபின் செலவும் அந்த அளவுக்கு வந்து நின்றுவிடும். இது நான் நாலைந்து குடும்பங்களில் பார்த்தது.

நோயாளி பார்ப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் விட்டுவிடாதீர்கள். உங்கள் கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.

தாமதமா என்று கேட்டீர்கள். ககன்தீப் காங் எம்.டி. முடித்தது 1991-ல், பிஎச்.டி. முடித்தது 1998-ல், அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் பற்றி வேலூரில் அவர் வருடக்கணக்காகச் செய்த வேலைதான் 2019-ல் விஞ்ஞானிகள் அமைப்பான லண்டன் ராயல் சொசைட்டிவரை கொண்டுபோனது. அந்தச் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர். இன்னொருவர் உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானவர். 1985-86-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா. இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். இந்தியாவில் எய்ட்ஸ் வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் அதையே தீசிஸ் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலாளிகளைத் தேடிப் போய் ரத்த மாதிரி எடுத்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருக்கிறது என்பது ஒரு தீசிஸில் தெரிந்தது.

தீசிஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் வருடா வருடம் பி.ஜி. மாணவர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தலைப்புக் கொடுக்க வேண்டும். நம் கல்லூரிகளில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குத் தைராய்டு, ஒருவருக்கு விட்டமின் டி என்று கொடுத்து, மூன்றும் அலமாரியில் தூங்குகின்றன. நீங்கள் மூன்று வருடம் தொடர்ந்து ஒரே கேள்வியின் மூன்று துண்டுகளைக் கொடுங்கள். ஒரு மாணவர் நோயாளி வந்த வழியைப் பார்க்கட்டும், அடுத்தவர் எஸ்கார் எங்கெல்லாம் கண்ணுக்குத் தப்புகிறது என்று பார்க்கட்டும், மூன்றாமவர் ஆ.சு. நிலையங்களில் மருந்து இருப்பைப் பார்க்கட்டும். ஒரே படிவம், ஒரே பதிவேடு. பி.ஜி. தீசிஸுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிதியுதவி தருகிறது, மாணவர்களை விண்ணப்பிக்க வையுங்கள். விண்ணப்பம் எழுதும் பழக்கம் அவர்களுக்கும் வரும், உங்களுக்கும் வரும். அவர்கள் உழைப்புக்கு அவர்கள் பெயர் முதலில் வர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பெயர் என்றால், கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதைத் தகவல் சேர்க்கும் முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திட்டமிடுவதிலோ தகவலிலோ உண்மையான பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளிருப்பதற்குப் பொறுப்பு ஆகிய நான்கும் உள்ளவரே ஆசிரியர் என்பது சர்வதேச இதழாசிரியர் குழுவின் விதி. துறைத்தலைவர் பெயரை மரியாதைக்காகப் போடுவது நம் ஊர் வழக்கம். அவரிடம் கட்டுரையைக் கொடுத்து, படித்துத் திருத்தித் தாருங்கள் சார் என்று கேளுங்கள். திட்டமிடுவதிலும் பங்கெடுத்து, திருத்தியும் தந்து, பொறுப்பும் ஏற்றால் அவரும் ஆசிரியர்தான். இல்லாவிட்டால் நன்றி தெரிவிக்கும் பகுதியில் போடலாம். சங்கடமான பேச்சுதான், ஆனாலும் முடிந்தபிறகு பேசினால் உறவு முறியும்.

ஆட்களைப் பற்றி. உங்களுக்கு மூன்று பேர் வேண்டும். கல்லூரிக்குள் உங்களுக்காகப் பேசக்கூடிய ஒரு மூத்தவர். வெளியே, உங்கள் கேள்வியில் உங்களைவிட அதிகம் தெரிந்த ஒருவர். மூன்றாவதாக ஒரு புள்ளியியலாளர். அநேகமாக அவர் உங்கள் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலேயே இருப்பார், யாரும் போய்ப் பேசியிருக்க மாட்டார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், முதல் ஆய்விலேயே புள்ளியியலாளர்கள் டாக்டர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். காசநோயாளிகளைச் சானடோரியம் என்கிற தங்கும் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்பது கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள். ஏழை வீட்டில், நெரிசலில், நல்ல சாப்பாடு இல்லாமல் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. முடிவை எல்லோரும் பேசுகிறோம். நான் மாணவர்களுக்குச் சொல்வது, அந்த மாத்திரை எண்ணிய ஊழியர்களைப் பற்றி. அவர்கள் ஒழுங்காக எண்ணாமல் விட்டிருந்தால் முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வெளியே இருக்கிற வழிகாட்டிக்கு மெயில் எழுதும்போது பயோடேட்டாவை அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் போதும். கேள்வி ஒரு வரி, எங்கள் வார்டில் வருடத்துக்கு இத்தனை நோயாளி, எனக்கு வாரம் இத்தனை மணி நேரம் இருக்கிறது, இந்த இடத்தில் சிக்கியிருக்கிறேன். இப்படி வருகிற மெயிலுக்கு எவ்வளவு பெரிய ஆளும் பதில் எழுதுவார். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள், தப்பில்லை.

இப்போது பட்டங்கள். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சி ஆன்லைனில் எல்லா பி.ஜி. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கட்டாயம், நீங்கள் முடித்திருப்பீர்கள். அது சைக்கிளைப் பற்றிய பாடம். ஓட்டக் கற்றுக்கொள்ள, சொந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வைக்கிற பயிற்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கிற 'சார்ட் ஐடி' அப்படிப்பட்டது: கேள்வியோடு உள்ளே போகிறவர், கட்டுரையை அனுப்பிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதே தேசிய நிறுவனம் சென்னை அயப்பாக்கத்தில் எம்.பி.எச். நடத்துகிறது. உங்கள் கேள்விக்கு வெளிநாட்டு எம்.பி.எச்.சைவிட அது பொருத்தம் என்று நினைக்கிறேன். முழு உதவித்தொகை கிடைத்தால் வெளிநாடு போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள், கடன் உங்களைத் திரும்பவும் ஆறு மாலை கிளினிக்கில் கொண்டுவந்து நிறுத்தும்.

பிஎச்.டி. இப்போது வேண்டாம். ஒரு மழைக்கால ஆய்வை முடித்து, ஒரு நல்ல கட்டுரை எழுதியபின் சேருங்கள். அப்போது கைடைத் தேடி நீங்கள் போக மாட்டீர்கள், கேள்வியோடு போவீர்கள். அரசுக் கல்லூரி இளம் ஆசிரியர்கள் பிஎச்.டி. செய்ய ஐ.சி.எம்.ஆர். உதவித் திட்டம் வைத்திருக்கிறது. வயது வரம்பையும் நிபந்தனைகளையும் அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். டி.எம். பற்றித் துறைத்தலைவர் சொல்வது கெட்ட யோசனை இல்லை. தொற்றுநோயியலில் டி.எம். கிடைத்தால் அது உங்கள் கேள்விக்கே உதவும். ஆனால் பெயருக்குப் பின்னால் இன்னும் இரண்டு எழுத்து வேண்டும் என்று இதயநோய்க்கோ இரைப்பைக்கோ போனால், இந்தக் கேள்வியை இன்றே மூடிவைத்துவிடலாம்.

பணம் முதல் வருடத்துக்கு அதிகம் வேண்டாம். உங்கள் கல்லூரியில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறதா என்று டீன் அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை பல அரசுக் கல்லூரிகளில் அதை அமைத்திருக்கிறது, கருவியும் ஆளும் அங்கே இருக்கும். இரண்டு கட்டுரை வந்தபின், ஆராய்ச்சிக்கு நிதி தருகிற இந்தியா அலையன்ஸின் ஃபெலோஷிப்பை யோசிக்கலாம். 2008-ல் தொடங்கிய அமைப்பு, நான் மேலே சொன்ன ஸ்க்ரப் டைஃபஸ் ஆய்வுக்கும் அவர்கள் நிதிதான்.

நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு நோயாளியின் தகவலைக்கூட ஆய்வுக்காகச் சேர்க்காதீர்கள். மருந்தோ வேறு தலையீடோ சேர்ந்தால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் முதல் நோயாளிக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பழக்கத்தை உங்கள் யூனிட்டில் இன்றோடு நிறுத்துங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நம் படிவங்கள் தமிழில் இருக்கின்றன, ஆனால் நோயாளிக்குப் புரிகிற தமிழில் இல்லை. 'இவ்வாய்வில் பங்கேற்பதற்கான தன்னார்வ இசைவு' என்று எழுதியிருந்தால், காய்ச்சலோடு கட்டிலில் கிடக்கிற விவசாயக் கூலிப் பெண் என்ன செய்வார்? கைரேகை வைப்பார். டாக்டர் கேட்டார், மறுத்தால் ஊசி போடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வைப்பார். நீங்கள் எழுதும்போது வார்டு ஆயாவிடம் படித்துக் காட்டி எழுதுங்கள். "உங்களுக்கு எந்த வைத்தியமும் குறையாது. வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் கூடுதலாக எடுப்போம். உங்கள் பெயரை எங்கும் எழுத மாட்டோம்." இவ்வளவுதான் விஷயம். சொல்லி முடித்ததும், நான் என்ன சொன்னேன் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கியபின் மறுப்பவர்கள் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது. அதுவரை கிடைத்த சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் இல்லை என்று அப்போது புரிந்தது.

டிரான்ஸ்ஃபர் வரலாம், அரசு வேலையில் அது உங்கள் கையில் இல்லை. அதனால் பதிவேடு உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது. துறையின் பெயரில், கடவுச்சொல்லோடு, இன்னொரு பொறுப்பாளரின் பெயரும் சேர்ந்து இருக்கட்டும். பக்கத்து மாவட்டக் கல்லூரியில் உங்கள் பேட்ச் தோழி யாராவது இருந்தால் அவரையும் இப்போதே சேருங்கள். நீங்கள் அங்கே மாற்றலாகிப் போனாலும் வேலை நிற்காது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்ய வேண்டியதை மட்டும் இப்போது செய்யுங்கள். கேள்வியை ஒரு வரியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். புள்ளியியலாளரைப் பார்த்து எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். படிவம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும் படிவத்தை ராத்திரி டியூட்டியில் யாரும் நிரப்ப மாட்டார்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "ஒரு வாரம்" என்பார்கள். சந்தைக்கிழமைக்கு முன்னாடியா பின்னாடியா, நூறு நாள் வேலைக்குக் கடைசியாகப் போனது என்றைக்கு என்று கேட்டால் தேதி வரும். குழுவின் அனுமதி கிடைத்து, முதல் 20 படிவங்கள் நிரம்பியதும் எந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதைத் திருத்திவிட்டு மேலே போகலாம்.